ஊசி போட்டால்தான் ரயிலா? பம்பாய் கண்ட இரண்டு கொள்ளைநோய்கள்

கொள்ளைநோய் வந்தால் சர்க்கார் எதுவரை கட்டாயப்படுத்தலாம்? ஊசி போட்டுக்கொள்ளாதவனை ரயிலில் ஏற்ற மறுக்கலாமா? புதிய மருந்து பத்திரமானதுதானா என்று கேட்பவன் ஊருக்கு விரோதியா? 2021ஆம் ஆண்டில் தாராவி சந்துகளிலும், மாட்டுங்கா மார்க்கெட்டிலும், ரயில் நிலைய வாசல்களிலும் அடிபட்ட கேள்விகள் இவை. இவை புதியவை அல்ல. சுமார் 125 ஆண்டுகளுக்கு முன்பே இந்த நகரம் இவற்றைக் கேட்டிருக்கிறது. அதற்காக ரத்தமும் சிந்தியிருக்கிறது.

பிளேக் வந்தது

1896 செப்டம்பரில், துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வி பகுதியில் பிளேக் நோய் இருப்பதை டாக்டர் அகாசியோ வியேகாஸ் கண்டறிந்து சொன்னார். நோய் மளமளவென்று பரவியது. ஜனங்கள் மூட்டை முடிச்சுகளுடன் ஊரைவிட்டு ஓடினார்கள். 1897 பிப்ரவரியில் சர்க்கார் தொற்றுநோய்கள் சட்டத்தைக் கொண்டுவந்தது. மிகச் சிறிய சட்டம். ஆனால் அது தந்த அதிகாரம் மிகப் பெரியது. ரயில் பயணிகளை இறக்கிச் சோதிக்கலாம். நோய் உண்டென்று சந்தேகப்பட்டால் பிரித்துக் கொண்டுபோய் வைக்கலாம்.

இதை ஜனங்கள் வாய்மூடி ஏற்கவில்லை. சட்டம் வருவதற்கு முன்பே, 1896 அக்டோபரில், மில் தொழிலாளர்கள் கூட்டமாகத் திரண்டு ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியைத் தாக்கினார்கள். உள்ளே போனவர் உயிரோடு திரும்பமாட்டார் என்ற பேச்சு சேரிகளெல்லாம் பரவியிருந்தது.

புனாவில் நிலைமை இன்னும் மோசம். பிளேக் அதிகாரி ராண்டின் கீழ் பட்டாளத்துச் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து சோதித்தார்கள். சாமான்களை எரித்தார்கள். பெண்களைச் சோதித்த விதம் ஊரையே கொதிக்க வைத்தது. 1897 ஜூன் 22ஆம் தேதி இரவு சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டார்கள். சில நாட்களில் அவர் இறந்தார். தாமோதர் சாபேகர் 1898இல் தூக்கிலிடப்பட்டார். பத்திரிகையில் எழுதியவற்றுக்காகத் திலகர் ராஜத்துரோகக் குற்றத்தில் சிறை சென்றார்.

நோயைத் தடுக்க வந்த சர்க்காரைக் கண்டே ஜனங்கள் பயந்தார்கள். நோயாளிகளை வீட்டுக்குள் ஒளித்து வைத்தார்கள். ஒளித்து வைத்த வீட்டில் நோய் மேலும் பரவியது. கடைசியில் சர்க்காரே இறங்கி வந்தது. பலவந்தத்தைக் குறைத்து, உள்ளூர்ப் பெரியவர்களின் உதவியை நாடியது.

ஒரு குடுவை மருந்து

அதே சமயம் பம்பாயில் ஒரு ரஷ்ய யூத விஞ்ஞானி பிளேக்குக்கு ஊசி மருந்து தயாரித்துக்கொண்டிருந்தார். அவர் பெயர் வால்டெமர் ஹாப்கின். 1897 ஜனவரி 10ஆம் தேதி முதல் ஊசியைத் தனக்கே போட்டுக்கொண்டார். பிறகு பைகுல்லா சிறையில் சம்மதித்த கைதிகளுக்குப் போட்டார். பலன் தெரிந்தது.

1902 அக்டோபர் 30ஆம் தேதி பஞ்சாபில் மல்கோவால் கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போட்டார்கள். அவர்களில் 19 பேர் வில்வாதம் என்னும் டெட்டனஸ் கண்டு இறந்தார்கள். 19 பேருக்கும் போட்டது ஒரே குடுவை மருந்து. பழி ஹாப்கின் மேல் விழுந்தது; வேலையும் போயிற்று. குடுவையைத் திறந்த இடத்தில் ஒரு இடுக்கி தரையில் விழுந்ததும், அதைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் உபயோகித்ததும் சாட்சியத்தில் இருந்தன. ஆனாலும் அவர் மேல் இருந்த களங்கம் நீங்க 1907 வரை ஆயிற்று. 1925இல் பரேலில் உள்ள ஆராய்ச்சி நிலையத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். இன்றும் அது ஹாப்கின் நிலையம்தான்.

மருந்து நல்லது, 19 பேர் மாண்டதும் உண்மை. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்ல அன்றைய அதிகாரிகளுக்கு மனம் வரவில்லை.

பழைய சட்டம், புதிய நோய்

2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது மாநில சர்க்கார்கள் தேடி எடுத்தது அதே 1897ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான். மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. ரயில்கள் நின்றன. தினக்கூலிக்காரனுக்கு வேலையும் இல்லை, ஊருக்குப் போக வழியும் இல்லை. ஏப்ரல் 14ஆம் தேதி பாந்த்ரா நிலையத்துக்கு வெளியே கூட்டம் திரண்டதை நாடே பார்த்தது. தொழிலாளர் ஸ்பெஷல் ரயில்கள் ஓடத் தொடங்கியது மே 1ஆம் தேதிதான்.

"ஊரடங்கு இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிகள் தாங்கியிருக்காது" என்பது ஒரு கட்சி. "பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர் இருக்கும்போது விலகி இருப்பது எப்படி?" என்பது எதிர்க்கட்சி. இரண்டிலும் நியாயம் இருந்தது. தாராவியில் வீட்டுக்கு வீடு போய்ச் சோதித்து, பிரித்து வைத்து, சாப்பாடும் கொடுத்துத்தான் நோயை அடக்கினார்கள். 2020 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் அதைப் பாராட்டியது.

ரயிலும் கணக்கும்

2021 ஆகஸ்ட் 15 முதல், இரண்டு ஊசியும் போட்டு 14 நாள் ஆனவர்களுக்கே லோக்கல் ரயில் என்று மகாராஷ்டிர சர்க்கார் அறிவித்தது. சர்ட்டிபிகேட்டைக் காட்டி முத்திரை வாங்கினால்தான் மாதப் பாஸ்.

கணக்கைப் பாருங்கள். 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் மத்திய சர்க்காரின் இலவச ஊசி தொடங்கியது 2021 ஜூன் 21ஆம் தேதி. கோவிஷீல்டு இரண்டு ஊசிகளுக்கு நடுவே அப்போது குறைந்தது 84 நாள் இடைவெளி. முதல் நாளே வரிசையில் நின்று போட்டவனுக்கும் இரண்டாவது ஊசி செப்டம்பர் 13. மேலும் 14 நாள் சேர்த்தால் செப்டம்பர் 27. ஊசியை மறுத்தவன் மட்டுமல்ல, விதிப்படி நடந்த இளம் தொழிலாளியும் ரயிலுக்கு வெளியேதான் நின்றான்.

பயம் எங்கிருந்து வந்தது?

கோவாக்சினுக்கு 2021 ஜனவரி 3ஆம் தேதி அனுமதி கொடுத்தபோது, மூன்றாம் கட்டப் பரிசோதனையின் பலன் வெளிவரவில்லை. மருத்துவ நிபுணர்களிலேயே சிலர் ஆட்சேபித்தார்கள். பிறகு முடிவுகள் வந்து மருந்து பலனுள்ளது என்று தெரிந்தது. ஆனால் சந்தேகம் முந்திக்கொண்டுவிட்டது.

ஏப்ரல் மாதம் நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்ட மறுநாள் மாரடைப்பு கண்டு, 17ஆம் தேதி காலமானார். தமிழர் உள்ள இடமெல்லாம் பீதி பரவியது. மத்திய சர்க்காரின் நிபுணர் குழு விசாரித்து, மரணத்துக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை என்று சொன்னது. அந்த முடிவு வெளியானது அக்டோபரில். ஆறு மாதம் வதந்திக்குத் தனி ராஜ்யம்!

ஆபத்தே இல்லை என்று சொல்வதும் சரியல்ல. கோவிஷீல்டுக்குப் பின் மிக அபூர்வமாக ரத்தம் உறைவது உண்டு. இந்தியாவில் அது 10 லட்சம் ஊசிக்கு 0.61 என்று சுகாதார அமைச்சகம் 2021 மே மாதம் தெரிவித்தது. அதாவது சுமார் 16 லட்சம் ஊசிக்கு ஒன்று. பதிவாகாமல் விடுபட்டவை உண்டு என்று விமர்சகர்கள் வாதாடினார்கள். அதே ஏப்ரல், மே மாதங்களில் ஆக்சிஜன் இல்லாமல் மாண்டவர்களை எண்ணிப் பார்த்தால், நோயின் ஆபத்து ஊசியின் ஆபத்தைவிடப் பல மடங்கு பெரியது என்பது விளங்கும். ஆனால் அந்த ஒருவரின் குடும்பத்துக்கு இந்தக் கணக்கு ஆறுதலாகாது.

சுப்ரீம் கோர்ட் சொன்னது

2022 மே 2ஆம் தேதி, டாக்டர் ஜேக்கப் புலியேல் தொடர்ந்த வழக்கில் நீதிபதிகள் நாகேஸ்வர ராவும் கவாயும் தீர்ப்பளித்தார்கள். ஒருவர் உடம்பு மீது அவருக்கே உரிமை. யாரையும் பலவந்தமாக ஊசி போடவைக்க முடியாது என்றார்கள். சர்க்காரின் ஊசிக் கொள்கை நியாயமற்றதல்ல என்றும் சொன்னார்கள். நோய் குறைந்திருக்கும்போது, ஊசி போடாதவர் மீது தடைகள் விதிப்பது பொருத்தமல்ல என்றார்கள். பரிசோதனை விவரங்களை வெளியிட வேண்டும். ஊசிக்குப் பின் வரும் கோளாறுகளை ஜனங்களே பதிவு செய்ய வழி வேண்டும் என்றும் கூறினார்கள். மகாராஷ்டிரத்தில் கட்டுப்பாடுகள் அதற்கு ஒரு மாதம் முன்பே, ஏப்ரல் 1ஆம் தேதி, நீங்கியிருந்தன.

மல்கோவாலில் ஒரு குடுவையின் உண்மை வெளிவர ஐந்து ஆண்டு ஆயிற்று. விவேக் விஷயத்தில் ஆறு மாதம். அடுத்த நோய்க்கு ஆறு நாளில் சொல்ல ஏற்பாடு செய்தால், வாசலில் போலீசை நிறுத்தாமலே ஜனங்கள் வரிசைக்கு வருவார்கள். ரயிலை நிறுத்தும் உத்தரவு எழுதுகிறவர்களும், கூலிக்காரனின் நாட்களைக் கொஞ்சம் எண்ணிப் பார்த்துவிட்டு எழுதுவது நல்லது.