குருதியின் காவலரும் வாய்ப்புற்றும்

மலாக்கா மாநிலத்தின் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் இரப்பர்த் தோட்டத்துத் தமிழர் இல்லங்களில் வெற்றிலைப் பெட்டிக்குத் தனியிடம் உண்டு. தோட்டத்தை விட்டு நகருக்குக் குடிபெயர்ந்த பின்னரும் முதியோர் சிலர் அப்பழக்கத்தை விட்டாரல்லர். மலேசியாவில் வாய்ப்புற்றுநோய் இந்தியரிடையே மிகுந்து காணப்படுவதற்கு இது தலையாய காரணங்களுள் ஒன்றாகும். புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை விளைவிக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2003இல் முடிவு கண்டது.

ஆயினும், பாக்கு மெல்லுவோர் அனைவர்க்கும் இந்நோய் வருவதில்லை. அதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, குருதியிலுள்ள வெள்ளணுக்கள் புரியும் காவல்.

காவலர் பகைவரைக் கண்டுகொள்வது எவ்வாறு? வெள்ளணுவின் மேற்புறத்தில் ‘ஏற்பிகள்’ எனப்படும் புரதங்கள் உள்ளன. பூட்டுக்கேற்ற திறவுகோல்போல ஒவ்வோர் ஏற்பியும் தனக்குரிய அடையாளத்தையே பற்றும். நம் உடலணுக்களுள் பெரும்பாலானவை தம்முள் உண்டாகும் புரதங்களின் சிறு துணுக்குகளை வெளிப்புறத்தில் ஏந்திக் காட்டும். அத்துணுக்கு மாறுபட்டிருப்பின், ‘டி’ அணு என்னும் வெள்ளணு தன் ஏற்பியால் அதனை உணர்ந்துகொள்ளும். துணுக்கைக் காட்டாமல் மறைக்கும் அணுவும் தப்புவது எளிதன்று. ‘இயற்கைக் கொல்லி’ எனும் மற்றொரு வகை வெள்ளணு, இருக்கவேண்டிய அடையாளம் இல்லாமையையே குற்றமாகக் கொள்ளும். அடையாளம் உறுதிப்பட்டதும் வெள்ளணு பகையணுவை நெருங்கி ஒட்டிக்கொள்கிறது. ஒரு புரதத்தால் அதன் சவ்வைத் துளைத்து, மற்றொரு புரதத்தை உட்செலுத்துகிறது. பகையணு தானே மடிகின்றது.

புற்றணுவும் சூழ்ச்சி அறியும். வெள்ளணுவின்மீது ‘பி.டி-1’ என்றோர் ஏற்பி உண்டு; தாக்குதல் எல்லை மீறாமல் தடுப்பது அதன் பணி. புற்றணு அதனைத் தொட்டு, காவலரை உறங்கச் செய்கிறது. இவ்வேற்பியை 1992இல் கண்டறிந்தவர் ஜப்பானிய அறிஞர் தசுக்கு ஹோஞ்சோ. அவரும் அமெரிக்கர் ஜேம்ஸ் அலிசனும் 2018இல் நோபல் பரிசு பெற்றனர். பி.டி-1ஐ மறைத்துக் காவலரை எழுப்பும் மருந்துகள், முற்றிய வாய்ப்புற்றுநோய்க்கும் இன்று வழங்கப்படுகின்றன. வெள்ளணுவுக்குப் புதிய ஏற்பியையே பொருத்தும் முறையும் உண்டு. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் டாட்டா நினைவு மருத்துவமனையும் உருவாக்கிய அத்தகைய சிகிச்சைக்கு இந்திய அரசு 2023இல் இசைவளித்தது. அது குருதிப் புற்றுநோய்களுக்கு உரியது.

இம்மருந்துகள் விலை மிக்கவை. எல்லா நோயாளிக்கும் பயன் தருவனவும் அல்ல. காவலர் எத்துணை வல்லவராயினும், நாள்தோறும் பகையை நாமே வளர்த்துவிட்டால் அவர் என் செய்வார்? வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ, இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ தோன்றின், வலியில்லை என்று வாளாவிருத்தல் கூடாது; உடனே பல் மருத்துவரிடம் காட்டவேண்டும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் வகுப்பில் இதனை ஒருமுறை எடுத்துரைத்தால், மாணவர் வாயிலாக அச்செய்தி வீட்டிலுள்ள பாட்டியைச் சென்றடையும்.