இரண்டு இரவுகளில் ஓர் இசைத்தட்டு

நிக் டிறேக் என்னும் ஆங்கிலப் பாடகரின் பெயர் நம்மிடையே அதிகம் வழங்குவதன்று. 1960களின் பிற்பகுதியில், நாட்டாரிசையும் றொக் இசையும் கலந்த புதுநெறியொன்று இங்கிலாந்திலே தழைத்தபோது, தாமே பாட்டெழுதி, மெட்டமைத்து, கிற்றார் மீட்டிப் பாடியவர் அவர். பிறந்தது 1948இல், இரங்கூனில். தந்தையார் அங்கே மரவணிக நிறுவனமொன்றின் பொறியியலாளர். தாயார் மொலி, பியானோவின் முன்னமர்ந்து வீட்டிலே பாட்டியற்றிப் பாடிய பெண்மணி. இத்தாயாரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வது நன்று.

டிறேக்கின் முதல் இசைத்தட்டு 1969இலும் இரண்டாவது 1971இலும் வெளிவந்தன. இரண்டிலும் கேம்பிரிட்ஜ்த் தோழர் றொபேட் கேர்பி அமைத்த வயலின் முதலிய கருவிகளின் இசை உண்டு. இரண்டாவதில் 'ஃபெயார்போர்ட் கொன்வென்ஷன்' குழுவினரின் தாளக் கருவிகளும் சேர்ந்தன. அழகியவைதாம், ஆயினும் அவ்வலங்காரத்தினுள்ளே பாடகரின் மென்குரல் ஒதுங்கி நிற்பதைச் செவி உணராமற் போகாது. இரண்டும் விலைபோகவில்லை. மேடையிலும் வெற்றியில்லை. பாட்டுக்குப் பாட்டு அவர் தந்திகளைப் புதிதாகச் சுருதி கூட்டுவார். அதற்குள் சபையோர் பேசத் தொடங்கிவிடுவர். தயாரிப்பாளர் ஜோ பொய்டும் அமெரிக்கா சென்றுவிட்டார். உளச்சோர்வு நோயும் பற்றிக்கொண்டது.

இந்நிலையில், 1971 ஒக்ரோபரில், ஒலிப்பதிவாளர் ஜோன் வூட்டை அவர் நாடினார். இலண்டன் செல்சிப் பகுதியில் அந்நாளில் இயங்கிய 'சவுண்ட் ரெக்னிக்ஸ்' கூடம் பகலெல்லாம் பிறருக்கு உரியதாயிருந்தமையால், இருவரும் இரவு பதினொரு மணியளவில் வந்தனர். ஓரிரவில் பாதிப் பாடல்கள், மறுநாளிரவு மீதி. வேறெவரும் இல்லை. ஒரு குரல், ஒரு கிற்றார். மேலும் என்ன சேர்ப்பதென்ற பேச்சு எழுந்தபோது, எதுவும் வேண்டாமென்றார் டிறேக். 11 பாடல்கள், 28 நிமிடங்கள். 1972 பெப்ரவரியில் 'பிங்க் மூன்' என்ற பெயருடன் அது வெளிவந்தது. வாங்குவோர் முன்னிலும் குறைந்தனர்.

1974 நவம்பரில், 26ஆவது வயதில், அவர் மறைந்தார். அதனால் இவ்விசைத்தட்டை மரணசாசனமாகவே கேட்போர் பலர். இக்கருத்து நமக்கு உடன்பாடன்று. அறிவு தளர்ந்தவனின் விரல்கள் இத்துணைத் துல்லியமாய்த் தந்திகளில் இயங்கா. பாடல்கள் முன்னரே செப்பமாய் மனத்தில் அமைந்திருந்தாலன்றி இரண்டிரவில் இவ்வேலை முடிந்திராது. 1974இல் அவர் மீண்டும் கூடத்துக்கு வந்து மேலும் சில பாடல்களைப் பதிவு செய்ததையும் மறத்தலாகாது. நோய் அவரை வருத்தியது உண்மை. கருவிகளைக் குறைத்தது நோயன்று, கலைஞனின் தெரிவு.

1999இல் வொக்ஸ்வாகன் மோட்டார் வண்டி விளம்பரமொன்றில் தலைப்புப் பாடல் ஒலித்தது. (விளம்பரகாரருக்கும் சிலவேளைகளில் செவியிருக்கிறது!) அதன் பின்னரே அமெரிக்காவில் இத்தட்டை மக்கள் தேடி வாங்கினர்.

அத்தலைப்புப் பாடலில் மட்டும், கிற்றாரின் மேலாகச் சில கணங்கள் பியானோ ஒலிக்கிறது. பதிவின்பின் சேர்க்கப்பட்டது அஃதொன்றே, வாசித்தவரும் டிறேக்கே. மொலி அம்மையார் வீட்டிலே பாடிப் பதிந்து வைத்த பாடல்களும் பிற்காலத்தில் வெளிவந்துள்ளன. அவற்றிலும் ஒரு குரல், ஒரு கருவி. வாய்ப்புடையோர் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்கலாம்.