வாப்பாவின் வீட்டுக் கடனைப் பிள்ளைகள் அடைக்கும்போது



வாப்பா வாங்கிய வீட்டுக் கடனின் தவணையைப் பிள்ளைகள் கட்டுவது நம் ஜமாஅத்தில் பல குடும்பங்களில் நடக்கிறது. நற்செயல்தான். ஆனால் அவர் மவ்த்தான பிறகு அதே வீட்டுக்காகப் பிள்ளைகள் நம் அலுவலகப் படியேறுவதையும் பார்க்கிறோம். அண்மையில் ஒரு குடும்பம் வந்தது. சவூதியிலிருந்து ஏழு ஆண்டுகள் தவணை அனுப்பிய மூத்தவர், "வீடு எனக்குத்தான்" என்றார். "காக்கா வாப்பாவுக்குச் செய்த உதவிதானே அது" என்றார்கள் தங்கைகள். எவரிடமும் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

ஆகவே, கொடுப்பது ஹிபாவா, கடனா என்பதை வாப்பா உயிரோடிருக்கும்போதே முடிவு செய்து, உடன்பிறந்தோர் அறிய எழுதி, இரு சாட்சிகளின் கையொப்பம் பெறுங்கள். கடனை எழுதிவைக்குமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் பணிக்கிறது. ஹிபா என்றால் பின்னர் திருப்பிக் கேட்கக் கூடாது. வீடு ஷரீஅத் பங்குப்படி எல்லா வாரிசுகளுக்கும் சேரும். கடன் என்றால், கொடுத்த தொகையை மட்டும், கூடுதல் ஏதுமின்றி, சொத்தைப் பங்கிடும் முன் பெறலாம். தவணை கட்டினார் என்பதால் மட்டும் ஒருவர் வீட்டுக்கு உரிமையாளராகிவிட மாட்டார்.

ஜகாத் பணத்தில் கட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஹனஃபி மத்ஹபில் பெற்றோருக்கு ஜகாத் கொடுக்கக் கூடாது. ஷாஃபிஈ மத்ஹபில், நிபந்தனைகளுடன் கடனாளி என்ற பங்கிலிருந்து கொடுக்க இடமுண்டு. உங்கள் ஆலிமிடம் விவரம் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். சொந்தப் பணத்தில் உதவுவதே பேணுதலானது.

வட்டியிலிருந்து விரைவில் விடுபடுவதே நோக்கமாக இருக்கட்டும். மாறும் வட்டி விகிதத்தில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் வங்கி அபராதம் வசூலிக்கக் கூடாது. கூடுதலாகக் கட்டும்போது தவணைத் தொகையைக் குறைக்காமல், காலத்தைக் குறைக்குமாறு எழுதிக் கொடுங்கள். மொத்த வட்டி நன்றாகக் குறையும்.

கடன் முடிந்ததும் மூலப் பத்திரங்களை 30 நாட்களுக்குள் வங்கி திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு. அடமானம் பதிவாகியிருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீது ஆவணம் பதிந்து, வில்லங்கச் சான்றிலும் சரிபாருங்கள்.

அந்த மூத்தவர் இப்போது பழைய வங்கி ரசீதுகளைத் தேடிக்கொண்டிருக்கிறார். தங்கைகள் அவருடன் பேசுவதில்லை. அன்றே ஒரு பக்கம் எழுதியிருந்தால் போதுமாயிருந்தது. எழுத உதவி வேண்டுவோர் நம் அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், உடனிருந்து செய்து தருகிறோம்.

வஸ்ஸலாம்.