காட்டில் லைன் இல்லாதபோது கைகொடுப்பது எது?

நெகிரி செம்பிலானில் மலையேறும் நம் இளைஞர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே வருகிறது. வார இறுதி வந்தால் ரெம்பாவ் குனோங் டத்தோ, உலு பெண்டுல் வழியாக ஏறும் குனோங் அங்சி என்று தோட்டத்துப் பிள்ளைகளும் பட்டணத்துப் பிள்ளைகளும் சேர்ந்து கிளம்பி விடுகிறார்கள். பழகியவர்கள் ஜெலுபு பக்கம் உள்ள குனோங் பெசார் ஹந்துவரை போகிறார்கள். 1,462 மீட்டர் உயரமுள்ள அதுதான் மாநிலத்திலேயே உயரமான மலை.

இவர்களிடையே இப்போது ஒரு பேச்சு அடிபடுகிறது. "புது ஐபோன் இருந்தால் போதும். லைன் இல்லாவிட்டாலும் துணைக்கோளம் வழியாக உதவி கேட்கலாம்" என்பதுதான் அது. இதை நம்பிக் காட்டுக்குள் போகலாமா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இன்றைய திறன்பேசிகளில் பொதுவாக ஜிபிஎஸ் உண்டு. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் துணைக்கோளங்கள் அனுப்பும் சமிக்ஞையைக் கைப்பேசி வாங்கிக் கணக்குப் போட்டு, நாம் நிற்கும் இடத்தைக் காட்டுகிறது. வானொலிப் பெட்டி பாட்டுக் கேட்பதைப் போன்றது இது. கேட்க முடியும், பதில் பேச முடியாது. லைன் இல்லாத காட்டிலும் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று உங்களுக்குத் தெரியும். வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அதைத் தெரிவிக்கக் கைப்பேசி கோபுரம் வேண்டும், அல்லது துணைக்கோளத்துக்கே செய்தி அனுப்பும் வசதி வேண்டும்.

அந்த அனுப்பும் வசதியைத்தான் ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 14 முதல் சேர்த்தது. 2022 நவம்பரில் அமெரிக்காவிலும் கனடாவிலும் தொடங்கி, பிறகு ஐரோப்பிய நாடுகள் சில, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான் என்று விரிந்தது. கூகள் நிறுவனமும் 2024இல் பிக்சல் 9 கைப்பேசியில் இதே போன்ற வசதியை அமெரிக்காவில் கொண்டு வந்தது. ஆனால் ஆப்பிள் அறிவித்துள்ள நாடுகளின் பட்டியலில் மலேசியா இல்லை. கைப்பேசிக்குள் கருவி இருந்தாலும், நீங்கள் நிற்கும் நாட்டில் சேவை இருந்தால்தான் அது வேலை செய்யும். ஆகவே, சிரம்பானில் வாங்கிய விலையுயர்ந்த ஐபோனும் அங்சி மலைப் பள்ளத்தில் லைன் போய்விட்டால், துணைக்கோளத்தைப் பொறுத்தவரை சாதாரணக் கைப்பேசிதான்.

இதற்கென்றே செய்த கருவி வேறு. கார்மின் இன்ரீச், ஸோலியோ போன்றவை உள்ளங்கை அளவுதான் இருக்கும். இன்ரீச் மினி 2 வெறும் 100 கிராம் எடை. இவை இரிடியம் என்ற துணைக்கோள வலையைப் பயன்படுத்துகின்றன. சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில் 66 துணைக்கோளங்கள் பூமியைச் சுற்றி வருகின்றன. ஒன்று வாங்கிய செய்தியை அடுத்ததற்குக் கைமாற்றி, கடைசியில் தரைநிலையத்துக்கு இறக்கிவிடும். அதனால் கடல், பாலைவனம், காடு எல்லா இடத்துக்கும் அது எட்டும். ஆப்பிள் பயன்படுத்தும் குளோபல்ஸ்டார் துணைக்கோளங்களுக்கு அப்படிக் கைமாற்றும் வேலை கிடையாது. மேலே வந்ததை அப்படியே கீழே உள்ள தரைநிலையத்துக்குத் திருப்பிவிடும். பக்கத்தில் தரைநிலையம் இருக்க வேண்டும். அந்தந்த நாட்டின் அனுமதியும், அவசர சேவையோடு இணைப்பும் வேண்டும். சேவை நாடு நாடாக வருவதற்கு இவையெல்லாம் காரணம்.

இன்னொரு வேறுபாடு மின்கலம். கைப்பேசியில் படம் எடுக்கிறோம், பாட்டுக் கேட்கிறோம், விளக்கு அடிக்கிறோம். லைன் இல்லாத இடத்தில் கோபுரத்தைத் தேடித் தேடியே பேட்டரி தீர்ந்துவிடும். இன்ரீச் மினி 2 பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இருப்பிடத்தை அனுப்பினாலும், திறந்தவெளியில் 14 நாள் தாங்கும் என்று நிறுவனம் சொல்கிறது. பையில் மாட்டிவிட்டால் தானாகவே அனுப்பிக்கொண்டிருக்கும். ஐபோனிலோ கையில் பிடித்து, திரை காட்டும் திசைக்குத் திருப்பிக்கொண்டே நிற்க வேண்டும். விழுந்து கை முறிந்தவருக்கு அது எளிதல்ல.

அதற்காக இந்தக் கருவி மந்திரக்கோல் என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டுக்கும் திறந்த வானம் தேவை. நம் காட்டில் மரக்கிளைகள் கூரை போல் மூடியிருக்கும். செய்தி போக நேரமாகலாம், சில நேரம் போகாமலும் இருக்கலாம். ஆற்றோரம், முகடு, மரம் விழுந்த வெளி என்று வானம் தெரியும் இடத்துக்கு நகர்ந்தால் வாய்ப்புக் கூடும்.

செலவும் உண்டு. இன்ரீச் மினி 2, 2022இல் அமெரிக்காவில் 400 டாலரை ஒட்டிய விலையில் வெளிவந்தது. அதற்கு மேல் சந்தாவும் கட்ட வேண்டும். சந்தா இல்லையென்றால் அவசரப் பொத்தானும் வேலை செய்யாது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிவிடாதீர்கள். வானலை அனுப்பும் கருவிகளுக்கு இங்கே சிரிம் சான்றும் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் முத்திரையும் தேவை.

வாங்கியவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இன்ரீச்சின் எஸ்ஓஎஸ் பொத்தானை அழுத்தினால் செய்தி போவது அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் உள்ள மையத்துக்கு. அவர்கள் நம் நாட்டு மீட்புத் துறையைத் தொடர்பு கொள்வார்கள், நீங்கள் பதிந்து வைத்த அவசர எண்களுக்கும் அழைப்பார்கள். அந்த எண் தோட்டத்தில் இருக்கும் பாட்டியுடையதாக இருந்தால், நடுராத்திரியில் ஆங்கிலத்தில் வரும் அழைப்புக்கு அவர் என்ன பதில் சொல்வார்? ஆங்கிலமும் மலாயும் பேசத் தெரிந்த, உங்கள் பயணத் திட்டம் தெரிந்த இருவரின் எண்ணைப் பதியுங்கள்.

தமிழ்நாட்டுக்குப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இந்தியாவில் அரசு அனுமதியின்றித் துணைக்கோளத் தொடர்புக் கருவி வைத்திருப்பது குற்றம். 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் கனடா நாட்டு ஓட்ட வீராங்கனை ஒருவர் இன்ரீச் வைத்திருந்ததற்காகத் தடுத்து வைக்கப்பட்டார். மலையேறும் பையில் கிடந்த கருவியை மறந்து, அதே பையோடு சென்னைக்கு விமானம் ஏறிவிடாதீர்கள்.

சரி, எல்லாரும் இதை வாங்க வேண்டுமா? காலையில் ஏறி மதியம் இறங்கும் டத்தோ, அங்சி மலைகளுக்குத் தேவையில்லை. இரண்டு மூன்று நாள் காட்டில் தங்குபவர்கள், ஆள் நடமாட்டம் குறைந்த தடங்களில் போகிறவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. நான்கு பேர் பகிர்ந்தால் சுமை தெரியாது. செம்பனைக் காட்டுப் பள்ளங்களில் லைன் இல்லாமல் தனியாக வேலை செய்பவர்களுக்கு நிர்வாகம் வாக்கி-டாக்கி கொடுப்பதும், மாலையில் மண்டோர் தலை எண்ணுவதும் போதுமான பாதுகாப்பு.

எந்தக் கருவியையும் விட முக்கியம், தேடுபவர்களுக்கு எங்கே தேடுவது என்று தெரிவது. 2019 ஆகஸ்டில் சிரம்பான் பந்தாய் பகுதியில் காணாமற்போன வெளிநாட்டுச் சிறுமியை நூற்றுக்கணக்கானோர் பத்து நாள் தேடினார்கள். கடைசியில் அவரது உடல் கிடைத்த இடம் தங்கியிருந்த விடுதியிலிருந்து சுமார் இரண்டரை கிலோமீட்டர்தான். நம் காடு அவ்வளவு அடர்த்தி.

ஆகவே, காசு செலவில்லாத சிலவற்றை முதலில் செய்யுங்கள். காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி பெறுங்கள். உங்கள் பெயர் அங்கே பதிவாகும். எந்த மலை, எந்தத் தடம், எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் எழுதிக் கொடுங்கள். குறித்த நேரத்துக்கு மேல் இரண்டு மணி நேரம் ஆனால் 999க்கு அழைக்கச் சொல்லுங்கள். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்து, ஏறும்போது கைப்பேசியை விமானப் பயண முறையில் போடுங்கள். ஜிபிஎஸ் வேலை செய்யும், பேட்டரியும் மிஞ்சும். விசிலும் தலைவிளக்கும் பையில் இருக்கட்டும்.

வழி தவறினால் இருட்டில் நடக்காதீர்கள். லைன் ஒரு கோடு வந்தாலும் அழைப்பு விட்டுவிட்டு வரும். அப்போது இருப்பிட எண்களைக் குறுஞ்செய்தியாக அனுப்புங்கள். அனுப்பிய இடத்திலேயே இருங்கள். தேடி வருகிறவர்கள் அந்த இடத்துக்குத்தான் வருவார்கள்.