உங்களுக்குத் தெரியுமா? வீச்சைக் குறைத்தாலும் செலவு பாதிதான் குறையும்!

காட்டிலும் வயலிலும் வெப்பம், ஈரம் அளக்கும் கம்பியில்லா உணரிகள் பல, இரண்டே பென்சில் பேட்டரியில் மாதக்கணக்கில் ஓட வேண்டும். தகவலை வாங்கிக்கொள்ளும் அடுத்த உணரி பத்தடியில் இருக்கும்போது தொண்டை கிழியக் கத்துவானேன்? ரேடியோ வீச்சைக் குறைத்தால் மின்சாரம் மிச்சம்தானே!

மிச்சம்தான், ஆனால் நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை. இத்துறையில் வெகுவாகப் புழங்கிய சிசி2420 ரேடியோ சிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். முழு வீச்சில் அது வெளிவிடுவது 1 மில்லிவாட். இழுக்கும் மின்னோட்டம் 17.4 மில்லிஆம்பியர். வீச்சை முந்நூறில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கினாலும் 8.5 மில்லிஆம்பியர் போய்க்கொண்டேதான் இருக்கும். அலையை உருவாக்கும் உள்சுற்றுகளுக்கு அழ வேண்டிய படி அது!

இன்னொரு வேடிக்கை: அனுப்புவதைவிட, தகவல் வருமா என்று காது கொடுத்துக் காத்திருப்பதற்குத்தான் செலவு கூடுதல், 18.8 மில்லிஆம்பியர். ஆகவே ரேடியோவைத் தூங்க வைப்பதுதான் முதல் சிக்கனம். வீச்சைத் திருகுவதெல்லாம் அதற்கப்புறம். அதையும் ஒருமுறை திருகிவிட்டுப் போய்விட முடியாது. வெயில் ஏறினால் சிக்னல் மங்கும். இரவில் ஒழுங்காகச் சேர்ந்த தகவல் நண்பகலில் தவறலாம். தவறினால் மறுபடி அனுப்ப வேண்டும். மிச்சம் பிடித்தது அதிலேயே கரைந்துவிடும்.