வெப்ப உலையை மாற்றும் செலவு

மனிதனுக்கு இன்றியமையாதவை யாவை எனின், உணவு, உடை, உறையுள் என மூன்றைச் சொல்லுதல் மரபு. வெப்ப நாட்டில் உறையுள் என்பது வெயிலையும் மழையையும் மறைக்கும் கூரையே. சாளரத்தைத் திறந்துவிட்டால் எஞ்சியதைக் காற்றுப் பார்த்துக்கொள்ளும். குளிர்நாட்டிலோ கூரையும் சுவரும் மட்டும் உறையுள் ஆவதில்லை. அவற்றினுள்ளே மாரிகாலம் முழுவதும் வெப்பம் தரும் உலை ஒன்றும் வேண்டும். அது நின்றுபோயின், வீடு இருந்தும் இல்லாததாகிவிடும்.

இலங்கைத் தமிழர், 1983ஆம் ஆண்டின் பின்னர், பெருந்தொகையினராகச் சென்று குடியேறிய நாடுகளுள் கனடாவும் ஒன்று. அங்கே ஒன்ராறியோ மாகாணத்தில், ரொறன்ரோ நகரின் ஸ்காபுறோப் பகுதியிலும் அதனை அடுத்த மார்க்கம் முதலிய இடங்களிலும் சொந்த வீடு வாங்கி வாழ்வோர் பலர். இங்கிருந்து சென்று பிள்ளைகளோடு வாழும் பெற்றோரும் பலர். பிள்ளைகள் வேலைக்குப் போனபின் பகல்வேளையில் வீட்டில் தனித்திருப்போரும், கதவு தட்டப்பட்டால் திறப்போரும் பெரும்பாலும் அந்த முதியோரே. ஆதலின், அந்நாட்டு வீட்டின் உலையைப் பற்றிய செய்தி இந்நாட்டுக் குடும்பங்களுக்கும் புறம்பானதன்று.

அந்த உலை எங்ஙனம் தொழிற்படுகின்றது என்பதை முதலில் அறிதல் நன்று. அங்குள்ள தமிழர் ‘பேர்னஸ்’ என்று வழங்கும் இவ்வுலை பெரும்பாலும் நிலக்கீழ் அறையில் அமைந்திருக்கும். வெப்பமாற்றி என்னும் உலோக அறைக்குள் இயற்கை வாயு எரிகின்றது. விசிறி ஒன்று வீட்டுக் காற்றை இழுத்து, வடிகட்டியினூடாகச் செலுத்தி, அவ்வெப்பமாற்றியின் வெளிப்புறத்தைத் தழுவிச் செல்லவிடுகின்றது. சூடேறிய காற்று தகட்டுக் குழாய்களின் வழியே அறைதோறும் சென்று பரவுகின்றது. எரிந்த வாயு இக்காற்றோடு கலவாமல், வேறொரு குழாயினால் வெளியேறுகின்றது. கோடையிலும் இதே விசிறியும் இதே குழாய்களுமே பயன்படுகின்றன. உலையின்மேல் அமைந்த குளிர்ச்சுருள் காற்றின் வெப்பத்தை வாங்கிக்கொள்ள, வீட்டுக்கு வெளியே நிற்கும் இயந்திரம் அவ்வெப்பத்தைப் புறத்தே விடுகின்றது. ஆகவே வெப்பமூட்டுவதும் குளிரூட்டுவதும் இரண்டு தொழில்களாயினும், அவை ஓருடலின் இரு கைகள் போன்றவை. ஒன்றை மாற்றும்போது மற்றதையும் கருதவேண்டியிருப்பது இதனாலேயே.

இவ்வியந்திரங்களுக்கு ஆயுள் உண்டு. ஒழுங்காகப் பேணப்படும் உலை 15 முதல் 20 ஆண்டுகள் வரையும், குளிரூட்டி 10 முதல் 15 ஆண்டுகள் வரையும் உழைப்பது வழக்கம். ஆயினும், உலை நின்றுபோன ஒவ்வொரு முறையும் அதனை மாற்றவேண்டும் என்பதில்லை. அழுக்கடைந்த வடிகட்டி, சுடரை உணரும் சிறு கம்பி, தீமூட்டி, மின்தேக்கி போன்ற சிறு உறுப்புகளே பல வேளைகளில் பழுதாகின்றன. அவற்றை மாற்றும் செலவு புதிய உலையின் விலையில் ஒரு சிறு பங்கேயாகும். வெப்பமாற்றியில் வெடிப்பு ஏற்பட்டால் நிலைமை வேறு. காபனோரொட்சைட்டு என்னும் நிறமும் மணமுமற்ற நச்சுவாயு வீட்டுக் காற்றோடு கலக்கக்கூடும். உறக்கத்திலேயே உயிரைக் கவரவல்லது அது. அத்தகைய உலையைத் தயக்கமின்றி நிறுத்துதல் வேண்டும். எனினும், வெடிப்பு இருக்கின்றது என்று விற்பனையாளர் ஒருவர் வாயாற் சொல்வது மட்டும் போதாது. அதனைக் கண்ணாற் காட்டும்படி கேட்பதும், விற்பனையோடு தொடர்பில்லாத இன்னொரு தொழில்நுட்பவியலாளரிடம் காட்டுவதும் வீட்டுக்காரரின் உரிமை.

இனிச் செலவைப் பற்றி நோக்குவோர், ஒரே வீட்டுக்கு மூவர் கூறும் விலைகள் மூன்று விதமாக இருப்பதைக் கண்டு திகைப்பர். அண்மைக்காலத்தில், சாதாரண வீடொன்றின் வாயு உலையை மாற்றுவதற்கு ஏறத்தாழ 4,000 முதல் 8,000 கனேடிய டொலர் வரையும், குளிரூட்டிக்கும் அதனை ஒத்த தொகையும் கேட்கப்படுவது வழக்கம். இவற்றின்மேல் நூற்றுக்கு 13 விற்பனை வரியும் சேரும். 6,000 டொலர் என்று சொல்லப்பட்ட விலை, வரியோடு 6,780 டொலராகின்றது. பெட்டியின் விலையை மட்டும் ஒப்பிட்டால் இவ்வேறுபாட்டின் காரணம் விளங்காது. பெட்டியைச் சூழ்ந்த வேலைகளிலேயே அது மறைந்திருக்கின்றது.

அவற்றுள் முதலாவது புகைபோக்கி பற்றியது. கனடாவில் 2019 யூலை முதல், வீடுகளுக்கான புதிய வாயு உலைகள் எரிபொருளின் வெப்பத்தில் நூற்றுக்கு 95 பங்கையேனும் பயன்படுத்தவேண்டும் என்பது விதி. இத்தகைய உலையில் எரிந்த வாயு பெரிதும் குளிர்ந்து, அதிலுள்ள நீராவி நீராகிவிடுகின்றது. ஆதலின் பழைய செங்கற் புகைபோக்கி இதற்குப் பொருந்தாது. சுவரைத் துளைத்துப் பிளாத்திக்குக் குழாய் செலுத்தவேண்டும். அமிலத்தன்மையுள்ள அந்நீர் வடிவதற்கும் வழி செய்யவேண்டும். முன்னர் உலையும் சுடுநீர்த் தாங்கியும் ஒரே புகைபோக்கியைப் பயன்படுத்தியிருந்தால், இப்போது தாங்கி மட்டும் தனித்து நிற்கும். அதன் சிறு புகைக்கு அப்புகைபோக்கி மிகப் பெரிதாகிவிடுவதால், உள்ளே ஒடுங்கிய உறைக்குழாய் இடவேண்டி வரலாம். இவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டவரின் விலை கூடுதலாகத் தோன்றும்; சேர்க்காதவரின் விலை வேலை தொடங்கிய பின்னரே கூடும்.

இரண்டாவது, உலையின் அளவு. பெரிய உலையே நல்ல உலை என்பது பலர் எண்ணம். அது தவறு. தேவைக்கு மேற்பட்ட வலுவுள்ள உலை சில நிமிடங்களில் வீட்டைச் சூடாக்கி நின்றுவிடும். சற்றுப் பின் மீண்டும் எரியும். இவ்வாறு அடிக்கடி எரிந்து அணைவதனால் ஓர் அறை வெப்பமாகவும் மற்றோர் அறை குளிராகவும் இருப்பதோடு, உறுப்புகளும் விரைவில் தேய்கின்றன. சுவர், சாளரம், கூரை ஆகியவற்றினூடாக வீடு எவ்வளவு வெப்பத்தை இழக்கின்றது என்பதைக் கணிப்பதற்குக் கனடாவில் எப் 280 என்னும் நியமம் உண்டு. அக்கணிப்பைச் செய்யாது, பழைய உலையின் அளவைப் பார்த்து அதே அளவில் புதியதைப் பரிந்துரைப்பவர், ஆளை அளக்காமல் பழைய சட்டையை அளந்து தைக்கும் தையற்காரரை ஒத்தவர்.

“புதிய உலை தன் விலையைத் தானே ஈட்டித் தரும்” என்னும் பேச்சையும் கணக்கிட்டே கொள்ளவேண்டும். பழைய உலை நூற்றுக்கு 80 பங்கும், புதியது 96 பங்கும் வெப்பத்தைப் பயன்படுத்துவதாகக் கொள்வோர், எரிபொருளில் ஆறிலொரு பங்கு மீதமாவதைக் காணலாம். வெப்பமூட்டுவதற்கு மட்டும் ஆண்டுக்கு 1,200 டொலர் வாயுக் கட்டணம் செலுத்தும் குடும்பத்துக்கு, இதனால் 200 டொலர் மிஞ்சும். 15 ஆண்டுகளில் அது 3,000 டொலர். உலையின் விலையோ அதனினும் மிகுதி. ஆகவே, நன்றாக ஓடும் உலையைச் சேமிப்பின் பொருட்டு மட்டும் கழற்றி எறிவது இலாபமாகாது. ஆயுள் முடிந்த உலையை மாற்றும்போது கிடைக்கும் மேலதிக நன்மையே அச்சேமிப்பு.

உலைக்குப் பதிலாக வெப்பப் பம்பி பொருத்துவோரும் உளர். இது வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை உள்ளே கொண்டுவருகின்றது. கோடையில் அதே இயந்திரம் திசைமாறி ஓடிக் குளிரூட்டியாகின்றது. மிதமான குளிரில் ஓர் அலகு மின்சாரத்துக்கு இரண்டு, மூன்று அலகு வெப்பம் தரவல்லது. கடுங்குளிரில் இவ்விகிதம் குறையும். பொருத்தும் செலவு உலையினும் பெரும்பாலும் அதிகம். 2021இல் கனேடிய மத்திய அரசாங்கம் இத்தகைய மாற்றங்களுக்கு 5,000 டொலர் வரை மானியம் வழங்கத் தொடங்கியது. 2024இல் அத்திட்டம் புதிய விண்ணப்பங்களை ஏற்பதை நிறுத்தியது. மானியங்கள் வரும், போகும். ஆதலின், விற்பனையாளரின் சொல்லை நம்பி மானியத்தைக் கணக்கிற் சேர்க்காமல், அரசாங்க அலுவலகத்திலேயே விசாரித்து அறிதல் வேண்டும்.

இவை யாவற்றினும் பெரிய செலவு ஒன்று உண்டு. அது அவசரத்தின் செலவு. ரொறன்ரோவில் சில இரவுகளில் குளிர் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை செல்சியசையும் எட்டும். அத்தகைய இரவில் உலை நின்றுவிட்டால், குழந்தையும் முதியவரும் நடுங்குவர். சுவருக்குள் செல்லும் நீர்க்குழாய்களுக்கும் ஆபத்து. நீர் உறையும்போது அதன் கனவளவு நூற்றுக்கு ஏறத்தாழ 9 பங்கு பெருகுவதால் குழாய் வெடித்துவிடும். அந்த நிலையில், முதலில் வருபவர் சொல்லும் விலையே விலையாகின்றது. ஆனால் ஓரிரு மின்சார வெப்பமூட்டிகளை இரவல் வாங்கி, குழாய்களில் நீரை மெல்ல ஒழுகவிட்டால், ஓரிரு நாளைத் தள்ளிப் பிற விலைகளையும் கேட்டறிய வாய்ப்புண்டு. கரியடுப்பையோ சமையல் அடுப்பையோ வைத்து வீட்டைச் சூடாக்க முயல்வது மட்டும் கூடவே கூடாது. முன்னர்க் கூறிய நச்சுவாயு அங்கேயும் உண்டாகும்.

உலை நிற்கும் முன்னரே வீட்டுவாசலில் வந்து அவசரத்தை உண்டாக்குவோரும் இருந்தனர். அரசாங்கப் பரிசோதகர் போன்ற தோற்றத்துடன் வந்து, கட்டணச் சிட்டையைக் காட்டும்படி கேட்டு, “உங்கள் உலை ஆபத்தானது, இன்றே புதியது இலவசமாகப் பொருத்துவோம்” என்று கூறிக் கையெழுத்து வாங்குவது அவர்கள் முறை. இலவசம் எனப்பட்டது உண்மையில் நீண்டகால வாடகை ஒப்பந்தம். மாதம் 100 டொலர் என்று தொடங்கி, ஆண்டுதோறும் நூற்றுக்கு 3 பங்கு உயரும் ஒப்பந்தமாயின், 10 ஆண்டுகளில் 13,750 டொலருக்கு மேல் செலுத்தவேண்டும். அதுமட்டுமன்று. அந்த வாடகைப் பொருளுக்குரிய பிணையுரிமை அறிவித்தல் ஒன்று வீட்டு உறுதியின்மேல் காணிப் பதிவகத்திற் பதியப்பட்டுவிடும். வீட்டை விற்கவோ ஈட்டுக்கடனைப் புதுப்பிக்கவோ முனையும்போதுதான் பலர் அதனை அறிந்தனர். அதனை நீக்குவதற்குப் பெருந்தொகை கேட்கப்பட்டது.

இக்கொடுமையைக் கண்டு ஒன்ராறியோ அரசாங்கம் சட்டங்களை இயற்றியது. வீட்டுக்காரர் முன்கூட்டியே அழைத்தாலன்றி, உலை, குளிரூட்டி, சுடுநீர்த் தாங்கி போன்றவற்றுக்கு வீட்டுவாசலில் ஒப்பந்தம் செய்வது 2018 மார்ச்சு 1 முதல் தடைசெய்யப்பட்டது. 2024 யூன் 6 முதல், நுகர்வுப் பொருள்களுக்கான பிணையுரிமை அறிவித்தல்களைக் காணிப் பதிவகத்திற் பதிவதும் தடுக்கப்பட்டது. முன்னர்ப் பதியப்பட்டவையும் வலுவிழந்தன. எனினும், பதிவு வலுவிழந்ததனால் ஒப்பந்தமும் தானே அழிந்துவிட்டதாகக் கொள்ளலாகாது. வீட்டில் வைத்துச் செய்த ஒப்பந்தத்தின் எழுத்துப் பிரதி கையிற் கிடைத்த 10 நாள்களுக்குள், காரணம் கூறாமலே அதனை நீக்கிக்கொள்ளும் உரிமையும் சட்டத்தில் உண்டு. ஏமாற்றி வாங்கிய கையெழுத்தாயின் ஓராண்டுவரை முறையிட வழியுண்டு. ஆங்கிலம் நன்கு அறியாத முதியோர் இவற்றை அறியாதிருத்தல் கூடும். அவர்களுக்கு எடுத்துரைப்பது பிள்ளைகளின் கடமை. “யார் வந்தாலும் சிட்டையைக் காட்டவேண்டாம், எதிலும் கையெழுத்திடவேண்டாம், மகன் வந்தபின் வாருங்கள் என்று சொல்லுங்கள்” என்னும் மூன்று சொற்கள் போதும்.

அவ்வாறாயின் அறிவுடையோர் செய்யத்தக்கது யாது? உலைக்கு 12, 13 வயதாகும்போதே, அது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, மாற்றுவதற்கான ஆயத்தத்தைத் தொடங்குதல் வேண்டும். தொழிலாளர்க்கு வேலை குறைந்திருக்கும் இளவேனிலிலோ இலையுதிர் காலத்திலோ மூவரிடமாவது எழுத்தில் விலை கேட்கவேண்டும். மாகாணத்தின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அதிகாரசபையிற் பதிவுபெற்றவரா என்பதை விசாரிக்கவேண்டும். பொருத்திய பின், உத்தரவாதத்தை உற்பத்தியாளரிடம் குறித்த நாளுக்குள் பதிவுசெய்யவேண்டும். வடிகட்டியை ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மாற்றுவதும், ஆண்டுக்கொருமுறை பரிசோதிப்பிப்பதும் உலையின் ஆயுளை நீட்டிக்கும்.

பணத்துக்கும் எளிய வழி உண்டு. புதிய உலை பொருத்திய மாதம் முதல் மாதந்தோறும் 40 டொலரைத் தனியே ஒதுக்கி வருபவரிடம், 15 ஆண்டுகளின் முடிவில் வட்டி நீங்கலாகவே 7,200 டொலர் சேர்ந்திருக்கும். விலை உயர்ந்திருந்தாலும் அடுத்த உலையின் செலவிற் பெரும்பங்கு அதில் அடங்கிவிடும். ஒன்றும் ஒதுக்காதிருந்து, உலை நின்ற இரவில் வாடகை ஒப்பந்தத்திற் கையெழுத்திடுபவர், அதனினும் எத்தனையோ மடங்கு கொடுத்தும் உலைக்கு உரிமையாளர் ஆகாதிருக்கலாம். பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி. கடல் கடந்து சென்று, இரவு பகலாக உழைத்து வாங்கிய வீட்டுக்கு அப்பழமொழியே நல்ல காவல்.