இமை ஓரத்து எண்ணெய்

காலையில் எழுந்தால் பீளை கட்டி இமைகள் ஒட்டிக்கிடக்கும். இமை முடியின் அடியில் பொடுகுபோலச் செதில். கண்ணுக்குள் மணல் விழுந்தாற்போல உறுத்தல். ‘மெட்ராஸ் ஐ’ என்று பலர் பயந்துபோகிறார்கள். மாதக்கணக்கில் வந்து வந்து போனால், அது பிளெஃபாரைட்டிஸ் எனும் இமை அழற்சியாக இருக்கலாம். இது தொற்றாது.

மேலிமையில் 25 முதல் 40, கீழிமையில் 20 முதல் 30 எண்ணெய்ச் சுரப்பிகள் உண்டு. 1666இல் அவற்றை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிக் மைபோமின் பெயரே அவற்றுக்கு. கண்ணீர் சட்டென்று ஆவியாகாமல் காப்பது அந்த எண்ணெய்தான். அது வெண்ணெய்போல இறுகினால் சுரப்பியின் வாய் அடைத்து, ஓரம் சிவக்கும். தலைப்பொடுகோ, கன்னம் சிவக்கும் ரோசேசியாவோ உள்ளவர்களிடம் இது அதிகம்.

மருந்தைவிட வெந்நீர்த் துணிக்குத்தான் இங்கே முதல் மரியாதை. பொறுக்கும் சூட்டில் பிழிந்து, மூடிய இமைமேல் 5 முதல் 10 நிமிடம் வைக்க வேண்டும். துணி ஆறினால் மறுபடி நனைக்க வேண்டும்; பலர் சலித்துக்கொள்வது இங்கேதான்! பிறகு மேலிமையைக் கீழ்நோக்கியும் கீழிமையை மேல்நோக்கியும் மெல்ல நீவி, ஓரத்தைத் துடைக்கலாம். வீக்கம் வடியும்வரை கண் மை வேண்டாம்.

கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து கண் அழுத்தத்தை ஏற்றிவிடக்கூடும். வலியோ பார்வை மங்கலோ இருந்தால் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.